ஆண்மலட்டு நெல் என்றால் என்ன? செடிகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பற்றி ஒரு விளக்கம்

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் மலேசியாவின் அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது, உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் தேடினாலும் கிடைக்காத நிலை வந்தது. அப்போதிருந்து அரிசிப் பேச்சு எடுத்தாலே கலப்பின நெல் (இரண்டு வேறு நெல் வகைகளை இனக்கலப்பு செய்து பெறும் விதையின் நெல்) என்ற பேச்சும் கூடவே வருகிறது, அதோடு பயமும் வருகிறது. "அது ஆண்மலட்டு நெல்லாம், சாப்பிட்டால் நமக்கும் அந்தக் குறை வருமாம்." "ஆய்வுக்கூடத்தில் மரபணுவை வெட்டி ஒட்டிய விதையாம்." "எடுத்து வைத்து விதைத்தால் முளைக்கவே முளைக்காதாம்."

மூன்றுமே தவறு. ஆனால் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் தெளிவு வராது, ஏனென்றால் ஆண்மலடு (செடியின் மகரந்தம் சோடையாகிப்போவது) என்பது நெல் வளர்ப்பு ஆராய்ச்சியில் உண்மையிலேயே புழங்கும் சொல், அதற்குக் காரணமான டிஎன்ஏவும் உண்மையிலேயே வெட்டி ஒட்டப்பட்டதுதான். வெட்டி ஒட்டியது செடியே. அதை அது ஏன் செய்கிறது, எப்படிச் செய்கிறது, அதனால் நம் சோற்றுத் தட்டுக்கு என்ன என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

1. மைட்டோகாண்ட்ரியா: செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்புகள், தமிழ்ப் பாடநூல்களில் இழைமணி என்று வரும். சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருவது இவற்றின் வேலை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள் என்பதால், இவற்றுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டிஎன்ஏ இருக்கிறது. உட்கருவில் இருக்கும் பெரிய டிஎன்ஏ வேறு, இது வேறு.

2. மரபணுத் தொகுதி: ஓர் இடத்தில் இருக்கும் மொத்த டிஎன்ஏ. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதி என்றால் அதற்குள் இருக்கும் எல்லாம், மரபணுக்களும் அவற்றுக்கு இடையில் கிடக்கும் வெற்றிடங்களும் சேர்த்து.

3. மறுஇணைவு: இரண்டு டிஎன்ஏ இழைகள் ஒரே மாதிரி எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகைத்தான் எழுத்து என்கிறேன்) வரிசை உள்ள இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொள்வது அல்லது ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சரிசெய்வது.

4. நிலைத்தன்மை: இந்தத் தொகுதி தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருப்பது. இதில் இரண்டு வகை உண்டு, எழுத்துகள் மாறாமல் இருப்பது ஒன்று, துண்டுகளின் வரிசை மாறாமல் இருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

பெரும்பாலான செடிகளில் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகத்தான் பிள்ளைச் செடிக்குப் போகிறது. மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. விதிவிலக்குகள் இருக்கின்றன, வெள்ளரியில் அது தகப்பன் வழியாக வருகிறது. நெல்லுக்குத் தாய்வழிதான்.

## மனிதருக்குச் சின்னது, செடிக்குப் பெரியது

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 எழுத்துகள். அதில் 37 மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, இடையில் வீணான இடமே கிடையாது என்று சொல்லலாம். செடிக்கு வந்தால் கதை முற்றிலும் வேறு. ஆய்வுக்கூடங்களின் செல்லப் பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகுக் குடும்பச் செடிக்குச் சுமார் 3,67,000 எழுத்துகள். நெல்லுக்குச் சுமார் 4,90,000. தென்னைக்கு ஏறத்தாழ 6,79,000. நம் தோட்டப்புறத்தை உருவாக்கிய ரப்பர் மரத்துக்கு 1.3 மில்லியன். வெள்ளரிக்கு 1.68 மில்லியன், அதுவும் மூன்று தனித்தனித் துண்டுகளாக. சைலீன் கோனிக்கா என்ற ஒரு சிறிய பூச்செடிக்கு 11.3 மில்லியன் எழுத்துகள், அதாவது நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவின் மொத்த மரபணுத் தொகுதியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! மறுபக்கம், விஸ்கம் என்ற புல்லுருவி இனத்தில் ஒரு வகைக்கு வெறும் 66,000 எழுத்துகள்தான். சுவாச வேலையின் முதல் கட்டத்துக்குத் தேவையான மரபணுக்களையே அது தொலைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அளவு இப்படி எகிறினாலும் மரபணுக்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஏறுவதெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளியில் பசுங்கணிகத்திலிருந்து (இலையின் பச்சை நிறத்தைத் தாங்கும் செல் உறுப்பு, இதற்கும் சொந்த டிஎன்ஏ உண்டு) வந்த துண்டுகள், உட்கருவிலிருந்து வந்த துண்டுகள், எங்கிருந்து வந்தது என்றே அடையாளம் காண முடியாத துண்டுகள், அப்புறம் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் எல்லாம் கிடக்கின்றன. கடைசியில் சொன்ன அந்தத் திரும்ப வரும் பகுதிகள்தான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

பாடநூலில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒரு வட்டமாக வரைந்திருப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வுக்கு உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். மனிதருக்கு அது சரி. செடியின் மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது நீள இழைகளும், கிளைவிட்ட இழைகளும், நடுநடுவே சில சிறு வட்டங்களும். முழு வட்டம் என்பது எழுத்துகளை வரிசைப்படுத்தி வைக்க வசதியான ஒரு வரைபடம், அவ்வளவே. 1984-இல் ஜெஃப்ரி பால்மரும் ஷீல்ட்ஸும் டர்னிப் வகைச் செடியில் காட்டியது இதைத்தான்: 2,18,000 எழுத்துள்ள ஒரு பெரிய வட்டமாக வரையக்கூடிய அதே டிஎன்ஏ, 1,35,000 ஆகவும் 83,000 ஆகவும் இரண்டு சிறு வட்டங்களாகப் பிரிந்தும் அதே செடியில் இருக்கிறது, ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. பிரியும் இடத்தில் இருந்தது ஒரே வரிசையின் இரண்டு நகல்கள்.

## துண்டுகள் எப்படி இடம் மாறுகின்றன

பஜனையில் இரண்டு பாட்டுகளுக்கு ஒரே வரி பொதுவாக இருந்தால், முதல் பாட்டில் அந்த வரிக்கு வந்தவர் தன்னை அறியாமல் இரண்டாவது பாட்டின் அடுத்த சரணத்துக்குள் போய்விடுவார், ஒரு எழுத்துகூடத் தப்பாகப் பாடியிருக்க மாட்டார், ஆனால் பாட்டு மாறியிருக்கும். செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பது இதுதான். டிஎன்ஏ இழை ஓரிடத்தில் அறுந்துபோனால் அதைச் சரிசெய்ய இன்னொரு நகல் தேடப்படுகிறது. தேடும் வரிசை தொகுதியில் ஒரே இடத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு இடத்தில் இருந்தால், தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே அடுத்து என்ன இருக்கிறதோ அதைத் தொடர்ந்து எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு நீளமான வரிசை திரும்ப வருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

1. ஆயிரம் எழுத்துக்கு மேல் நீளமானவை. இவற்றுக்கிடையே மறுஇணைவு சாதாரணமாக, அடிக்கடி நடக்கிறது. டர்னிப்பில் கண்டது இந்த வகை. செடிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை, ஏனென்றால் எல்லாத் துண்டுகளும் ஏதோ ஒரு வடிவில் உள்ளேயேதான் இருக்கின்றன.

2. ஏறத்தாழ ஐம்பது முதல் சில நூறு எழுத்து வரை உள்ளவை. இங்கே மறுஇணைவு அரிதாக நடக்கிறது, நடந்தால் புதிய அமைப்பு உருவாகிறது, சில சமயம் ஒரு பக்கத்து விளைபொருள் மட்டும் தங்கி மற்றது காணாமல் போகிறது. ஆபத்து இங்கேதான்.

3. ஐம்பதுக்கும் குறைவானவை, சில வேளை பத்துப் பன்னிரண்டு எழுத்துகூட. அறுந்த முனை கிடைத்த சிறு ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒட்டிக்கொள்ளும்போது இது நடக்கிறது. மிக அரிது, ஆனால் இதுவரை எங்கும் இல்லாத மரபணுவே இப்படிப் பிறந்துவிடலாம்.

இதற்கெல்லாம் ஒரு முன்தேவை இருக்கிறது, இரண்டு டிஎன்ஏக்கள் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். ஒரு செடிச் செல்லில் நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கும், ஆனால் பல திசுக்களில் ஒரு மைட்டோகாண்ட்ரியனுக்கு ஒரு முழுத் தொகுதி என்ற கணக்குகூடத் தேறுவதில்லை. முழுத் தொகுதி இல்லாமல் அரைகுறையாக வைத்திருப்பவையும், ஒன்றுமே இல்லாதவையும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று சேர்வதும் பிரிவதுமாக இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. சேரும் நேரத்தில் டிஎன்ஏக்கள் சந்திக்கின்றன.

## புதிர்: எழுத்து மாறுவதில்லை, வரிசை மாறுகிறது

இதுதான் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உட்கரு டிஎன்ஏவைவிடப் பலமடங்கு வேகமாக எழுத்து மாறுகிறது. அதனால்தான் மனித வம்சாவளி ஆராய்ச்சிக்கு அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மரபணுக்களின் வரிசை நமக்கும் மற்றப் பாலூட்டிகளுக்கும் பெரும்பாலும் ஒன்றே. செடிகளில் அப்படியே தலைகீழ். 1987-இல் உல்ஃப், லீ, ஷார்ப் மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது செடி மைட்டோகாண்ட்ரியாவில் எழுத்து மாறும் வேகம் பசுங்கணிகத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, உட்கருவோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு என்று தெரிந்தது. அதாவது ஒரு செடியில் உள்ள மூன்று மரபணுத் தொகுதிகளில் மிகவும் மெதுவாக எழுத்து மாறுவது இதுதான். அதேசமயம் வரிசையைப் பார்த்தால், ஒரே இனத்தின் இரண்டு ரகங்களுக்கு இடையிலேயே தலைகால் தெரியாமல் கலைந்து கிடக்கிறது.

ஒரே டிஎன்ஏ இவ்வளவு கவனமாகவும் இவ்வளவு அலட்சியமாகவும் எப்படி இருக்க முடியும்?

இப்போது வலுவாக நிற்கும் விளக்கம் இதுதான்: இரண்டுமே ஒரே பழுதுபார்க்கும் முறையின் விளைவு. எழுத்துப் பிழை ஒன்று தென்பட்டால், எந்த இழையில் உள்ளது சரி, எதில் உள்ளது தப்பு என்று யோசித்துக்கொண்டிருக்காமல், அந்த இடத்தில் இரண்டு இழைகளையும் அறுத்துவிடுவது. அறுந்த டிஎன்ஏவை இன்னொரு முழு நகலைப் பார்த்து மறுஇணைவு மூலம் திரும்ப எழுதிக்கொள்வது. பிழையுள்ள எழுத்து அதோடு போய்விடும். இந்த வழியில் மரபணுக்கள் மிகவும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் தப்பாகச் சரிசெய்யப்பட்ட மரபணு உள்ள செடி பிழைக்காது. மரபணுக்களுக்கு இடையில் உள்ள பகுதியில் தவறாக ஒட்டினாலும் கேட்பாரில்லை, அது தங்கிவிடும், பெருகிவிடும். தொகுதி ஏன் இப்படி வீங்கிக் கிடக்கிறது என்பதற்கும் இதுவே ஒரு பதில். ஆலன் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் 2013-இல் இந்தக் கருத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்.

அறுக்கும் வேலையைச் செய்வது யார்? எம்எஸ்எச்1 என்ற புரதம். இதன் கதை 1973-இல் தொடங்குகிறது. ஜார்ஜ் ரேடேய் என்ற மரபியலாளர் அராபிடாப்சிஸில் ஒரு மரபணு கெட்டுப்போனால் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் வருவதைக் கண்டார். வினோதம் என்னவென்றால், கெட்ட மரபணுவுக்குப் பதில் நல்லதை இனக்கலப்பால் கொண்டுவந்த பிறகும் திட்டு போகவில்லை, தாய்வழியாகத் தொடர்ந்து வந்தது. உட்கரு மரபணு இல்லாத நேரத்தில் மற்ற டிஎன்ஏவில் ஏற்பட்ட சேதம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 2003-இல் சாலி மெக்கென்சியின் குழு அந்த மரபணுவை அடையாளம் கண்டது. பாக்டீரியாவில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கும் புரதத்தின் உறவுதான் இது, ஆனால் அதன் வாலில் டிஎன்ஏவை வெட்டும் ஒரு பகுதி கூடுதலாக ஒட்டியிருக்கிறது. பிழையைக் கண்டுபிடிப்பதும் வெட்டுவதும் ஒரே புரதத்தில்! 2020-இல் டேனியல் ஸ்லோனின் குழு, இந்தப் புரதம் இல்லாத செடிகளில் மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் எழுத்துப் பிழைகள் பலமடங்கு கூடுவதைக் காட்டியபோது, பிழைகளைத் தடுப்பது இந்தப் புரதம்தானா என்ற பழைய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

எம்எஸ்எச்1 இன்னொரு வேலையும் செய்கிறது. அரைகுறை ஒற்றுமையை நம்பித் தவறான இடத்தில் இழை ஒட்டப் போகும்போது அதைத் தடுக்கிறது. அது போய்விட்டால் மேலே இரண்டாவதாகச் சொன்ன நடுத்தர வரிசைகளுக்கு இடையே மறுஇணைவு கட்டுமீறி நடக்கிறது. ரெக்ஏ3, ஓஎஸ்பி1, ரெக்ஜி1 போன்ற வேறு புரதங்களும் இதே காவலில் இருக்கின்றன, எதை எடுத்தாலும் தொகுதி கலைகிறது.

சைலீன் கோனிக்காவை இங்கே மறக்கக் கூடாது. தொகுதி மிகவும் வீங்கிய அந்தச் செடியில் எழுத்து மாறும் வேகமும் அசாதாரணமாக அதிகம். மெதுவாக மாறும் செடிகளுக்குச் சொல்லும் விளக்கத்தை அதற்கு அப்படியே போட முடியாது, அதனால்தான் ஆய்வாளர்கள் அதை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

## ஒளிந்திருக்கும் நகல்கள்

மறுஇணைவால் பிறந்த புது அமைப்பு உடனே செடி முழுவதும் பரவிவிடுவதில்லை. மிகச் சிறிய அளவில், மற்ற அமைப்புகளின் நிழலில், தலைமுறைகளாக ஒளிந்திருக்கும். பிரெஞ்சு பீன்ஸ் செடியில் இப்படி ஒளிந்த ஓர் அமைப்பை அளந்தபோது நூறு செல்லுக்கு ஒரு நகல்கூடத் தேறவில்லை. ஆனால் ஏதோ ஒரு தலைமுறையில் அது சட்டென்று பெருகி முதன்மை அமைப்பாகிவிடும், பழையது ஒளிந்துகொள்ளும். திசு வளர்ப்பில் வைத்த செல்களிலும், காவல் புரதங்கள் குறைந்த செடிகளிலும் இது அதிகம் காணப்படுகிறது.

2007-இல் மெக்கென்சியின் குழு புகையிலையிலும் தக்காளியிலும் எம்எஸ்எச்1-ஐ மட்டும் அடக்கிப் பார்த்தது. பிறந்த செடிகளில் சில ஆண்மலடாகிவிட்டன, அடக்குவதற்குப் போட்ட மரபணு விலகிய பிறகும் அந்த மலடு தாய்வழியாகத் தொடர்ந்தது.

## மலடு எப்படி வருகிறது

துண்டுகள் தவறாக ஒட்டும்போது, ஒரு மரபணுவின் தொடக்கமும் வேறொன்றின் நடுப்பகுதியும் சேர்ந்து புதிதாக ஒரு புரதத்துக்கான வரிசை அமைந்துவிடுவதுண்டு. பெரும்பாலும் அது ஒன்றுக்கும் உதவாது. சில வேளை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைப் பாதிக்கும் புரதமாக அமைகிறது. இலைக்கும் வேருக்கும் அந்தப் பாதிப்பைத் தாங்கும் சக்தி இருக்கிறது. மகரந்தம் உருவாகும் இடத்துக்கு இல்லை, அங்கே செல்கள் மிக அதிக ஆற்றலைக் கேட்கும், மகரந்தத்துக்கு உணவூட்டும் உட்சுவர் செல்கள் சரியான நேரத்தில் செத்து வழிவிட வேண்டும். அவை நேரத்துக்கு முன்பே செத்தால் மகரந்தம் சோடையாகிவிடும். பெண் பகுதிக்கு ஒன்றும் ஆவதில்லை, வேறு செடியின் மகரந்தம் விழுந்தால் நன்றாகவே மணி பிடிக்கும். உட்கருவுக்கு வெளியே செல்லுக்குள் இருக்கும் பகுதி சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா அதில்தான் இருக்கிறது, அதனால் இதைச் சைட்டோபிளாச ஆண்மலடு என்கிறார்கள்.

மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கில் பார்த்தால் இதில் நஷ்டமே இல்லை. அது விதை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, மகரந்தம் வீணானால் அதற்கென்ன? நஷ்டம் உட்கருவுக்கு. அதனால் உட்கருவில் மீட்பு மரபணுக்கள் உருவாகியிருக்கின்றன, இவை தயாரிக்கும் புரதங்களில் பல, அந்தக் கலப்பு மரபணுவின் செய்தியை வெட்டியோ முடக்கியோ விடுகின்றன. மலடு தீர்ந்துவிடும். மலடாக்கும் மரபணு அங்கேயேதான் இருக்கும்.

## 1970: மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது

கலப்பின மக்காச்சோள விதை தயாரிக்க, வேறு வகையின் மகரந்தம் மட்டும் விழும்படி, தாயாக வைத்திருக்கும் செடிகளின் ஆண்பூவைக் கையால் பறிக்க வேண்டும். இதற்குக் கூலி அதிகம். டெக்சஸில் கிடைத்த ஆண்மலட்டு வகை வந்ததும் அந்த வேலை தேவைப்படவில்லை, அமெரிக்க விதை நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே அதற்கு மாறின. 1970-இல் அந்த நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 85 விழுக்காடு அந்த ஒரே தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்தது.

அந்த வகையில் மலடுக்குக் காரணம் டி-யுஆர்எஃப்13 என்ற கலப்பு மரபணு. 345 எழுத்துதான். ஒரு ரைபோசோம் மரபணுவின் துண்டுகளும் வேறொரு மரபணுவின் முன்பகுதியும் மறுஇணைவால் ஒட்டிப் பிறந்தது. இது தரும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்திருக்கும். பைபோலாரிஸ் மேடிஸ் என்ற பூஞ்சையின் ஒரு வகை, தற்செயலாக இந்தப் புரதத்தில் ஒட்டக்கூடிய நச்சை உண்டாக்குகிறது. நச்சு ஒட்டியதும் சவ்வில் ஓட்டை விழுந்து செல் சாகிறது. நாடு முழுக்க ஒரே சவ்வு, ஒரே ஓட்டை. அந்த ஆண்டு அமெரிக்க மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போனது, இழப்பு ஏறத்தாழ ஒரு பில்லியன் டாலர்.

நம் பக்கத்து நாடான பிலிப்பீன்சில் 1961-லேயே இந்த ஆண்மலட்டு வகை நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, தென்கிழக்காசிய வயலில் கண்ட உண்மைக்கு உரிய மதிப்பு கிடைத்திருந்தால் அத்தனை விவசாயிகள் அடிபட்டிருக்க வேண்டியதில்லை.

பின்பு நடந்தது இன்னும் சுவாரசியம். அந்த மக்காச்சோளத்தைத் திசு வளர்ப்பில் வைத்து நச்சைத் தாங்கும் செல்களைத் தேடியபோது, தாங்கிய செடிகள் மகரந்தமும் தரத் தொடங்கின. ஆராய்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் இன்னொரு மறுஇணைவு நடந்து டி-யுஆர்எஃப்13 அப்படியே நீங்கியிருந்தது.

## சரி, நெல்லுக்கு வருவோம்

1970 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில் நெல் ஆய்வாளர் யுவான் லோங்பிங்கின் உதவியாளர் லீ பிஹூ, காட்டு நெல் கூட்டத்தில் மகரந்தம் சோடையான ஒரு செடியைக் கண்டெடுத்தார். 1973-இல் அதை வைத்து மூன்று வரிசை முறை முழுமையானது. இன்றும் உலகில் கலப்பின நெல்லுக்கு மிக அதிகமாகப் பயன்படுவது அந்தக் காட்டுச் செடியின் சைட்டோபிளாசம்தான். அதில் மலடுக்குக் காரணமான டபிள்யூஏ352 என்ற கலப்பு மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2013-இல் கண்டுபிடித்தார்கள்.

இங்கே வரிசை என்பது டிஎன்ஏவின் வரிசை இல்லை, தனித்தனியாக வளர்த்துவரும் நெல் வகை. மூன்று வரிசைகள் இவை:

1. மலட்டு வரிசை. மகரந்தம் கிடையாது, தாயாக மட்டும் இருக்கும்.
2. பராமரிப்பு வரிசை. உட்கருவில் மலட்டு வரிசையைப் போலவே இருக்கும், மைட்டோகாண்ட்ரியா சாதாரணமானது. இதன் மகரந்தத்தை மலட்டு வரிசைக்குக் கொடுத்தால் மீண்டும் மலட்டு விதையே கிடைக்கும், வரிசை அழியாமல் இருக்கும்.
3. மீட்பு வரிசை. மீட்பு மரபணுக்கள் உள்ளது. இதன் மகரந்தம் மலட்டு வரிசையில் விழுந்து கிடைப்பதுதான் விவசாயி வாங்கும் கலப்பின விதை.

இப்போது அந்த மூன்று பயங்களுக்குப் பதில்.

சாப்பிட்டால் மலடு வருமா? வராது. வயலில் நிற்கும் கலப்பினச் செடியே மலடு கிடையாது, மீட்பு மரபணு வேலை செய்ததால்தான் அதில் மணியே பிடித்தது. அந்தக் கலப்பு மரபணு ஒரு புரதத்துக்கான குறிப்பு, நெல் பூவின் மகரந்தப்பையில்தான் அதன் விளையாட்டு. சோற்றோடு வயிற்றுக்குப் போனால் மற்ற எல்லாப் புரதத்தையும் டிஎன்ஏவையும் போலச் செரித்துப்போகும். கலப்பின முட்டைக்கோஸ், பூக்கோஸ், சூரியகாந்தி, கேரட் பலவற்றுக்கும் விதை தயாரிக்கும் முறை இதே ஆண்மலடுதான், வெங்காயத்தில் 1925-லேயே இது கண்டறியப்பட்டது. பினாங்கின் சௌராஸ்தா பாசாரில் வாங்கும் காய்கறியில் எத்தனையோ இப்படி வந்தவை.

மரபணு மாற்றிய விதையா? மூன்று வரிசை முறைக்கு மரபணு மாற்றம் தேவையே இல்லை. காட்டுச் செடியில் இயற்கையாக நடந்த மறுஇணைவு, அதற்குப் பிறகு சாதாரண இனக்கலப்பு.

விதை முளைக்காதா? முளைக்கும். ஆனால் இரண்டாம் தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்துபோவதால் பயிர் ஒரே சீராக வராது, உயரம் வேறு, பூக்கும் நாள் வேறு என்று கலைந்து நிற்கும், மீட்பு மரபணு கிடைக்காத ஒரு பகுதிச் செடிகள் சோடையாகவும் நிற்கும். அதனால் ஒவ்வொரு பருவமும் புது விதை வாங்க வேண்டியிருக்கிறது. இது உண்மையான செலவு. கலப்பின நெல்லைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம், நியாயமான குறை.

## நம் காட்டிலும் தோட்டத்திலும்

பேராக் காடுகளில் பூக்கும் ரஃப்ளீசியா, இலையும் வேரும் இல்லாமல் ஒரு காட்டுக் கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்வது. 2013-இல் வெளிவந்த ஆய்வில், அந்தக் குடும்பத்தின் மைட்டோகாண்ட்ரியா மரபணு வரிசைகளில் 24 முதல் 41 விழுக்காடு வரை, இனத்துக்கு இனம் வேறுபட்டு, பிற செடிகளிடமிருந்து வந்தவை என்று தெரியவந்தது. ஒட்டுண்ணியும் கொடியும் நெருங்கி வாழ்வதால் டிஎன்ஏ உள்ளே வருகிறது, வந்ததை மறுஇணைவு சேர்த்துக்கொள்கிறது.

ரப்பரில், மகரந்தம் வளமில்லாத பிபிஎம் 24 என்ற வகையின் தொகுதியைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் படித்தார்கள். ஒரு மரபணுவின் துண்டு இடம் மாறி ஒட்டிய புதிய வரிசை ஒன்று அதில் கிடைத்தது, மலடுக்கு அது காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள்.

## இனி வெட்டப்போவது மனிதர்

2019-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷின்-இச்சி அரிமுரா குழு, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் குறித்த இடத்தில் டிஎன்ஏவை அறுக்கும் ஒரு புரதத்தைச் செய்து, வேறொரு ஆண்மலட்டு நெல்லில் ஓஆர்எஃப்79 என்ற மலட்டு மரபணுவைக் குறிவைத்தது. நெல் மீண்டும் மகரந்தம் தந்தது. அதற்கு முன் குறிப்பிட்ட மரபணுதான் காரணம் என்று சொல்லக் கைவசம் இருந்ததெல்லாம் சுற்றுச்சான்றுகளே, இப்போது நேரடியாக நிரூபணம் ஆனது. ஆனால் அறுந்த இடம் அப்படியே மூடவில்லை. செடி தன் வழக்கப்படி மறுஇணைவால் பழுதுபார்த்தது, அறுத்த இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான எழுத்துகள் போய், துண்டுகள் புதுவிதமாக ஒட்டிக்கொண்டன. எழுத்தை அறுக்காமல் மாற்றும் கருவிகள் இப்போது வந்திருப்பது இதனால்தான்.

## பினாங்கில் இருந்து பார்த்தால்

ஆண்மலட்டு மைட்டோகாண்ட்ரியாவே வேண்டாம் என்று ஒரு மாற்று முறையும் சீனாவில் உண்டு, இரண்டு வரிசை முறை. 1973-இல் ஷி மிங்சோங் கண்ட ஒரு நெல், பகல் நீளமாக இருந்தால் மலடாகவும் குறுகினால் வளமாகவும் மாறும், மலடுக்குக் காரணம் உட்கரு. அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கில் இருக்கிறோம், செபராங் பிறை வயலில் ஆண்டு முழுக்கப் பகல் நேரம் நாற்பது நிமிடத்துக்குள்தான் கூடிக் குறைகிறது. வெப்பத்தைப் பார்த்து மாறும் வகைகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் விதையைப் பெருக்கக் குளிர்ந்த மலைப்பகுதி வேண்டும். ஆகவே நம் வயல்களில் கலப்பின நெல் பரவுமானால் மூன்று வரிசை முறையில் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படி வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த ரகங்கள் எந்தச் சைட்டோபிளாசத்தைச் சுமக்கின்றன என்பதுதான். விதைப் பையில் ரகத்தின் பெயர் வெவ்வேறாக இருந்தாலும் தாய்வழி ஒன்றாகவே இருக்கலாம், 1970-இல் அமெரிக்க விவசாயிக்குக் கடையில் கிடைத்த பல பெயர்களும் அப்படித்தான் இருந்தன. நெல்லில் ஹைனான் காட்டுச் செடியின் வழி மட்டும் இல்லை. ஓஆர்எஃப்79 உள்ள பிடி (போரோ) வகை, சிவப்பு மீசைக் காட்டு நெல்லில் இருந்து வந்த ஹோங்லியன் வகை போன்றவையும் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்று பெயர் உள்ள விதையை வாங்குகிறவர் மூன்று தாய்வழியை வாங்குகிறாரா, ஒன்றையே மூன்று முறை வாங்குகிறாரா என்பது ரகத்தை உருவாக்கியவருக்குத் தெரியும், விற்பவரிடம் அதைக் கேட்கலாம்.